சும்மா கிடக்கிற பெயர்

பன்னிரண்டு மணி ஆகிற வரைக்கும் இவளுக்குப் பெயர் கிடையாது. அதுவரைக்கும் என் மடியில் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்குவது வெறும் பாப்பா, என் தம்பி கோவேந்தனுடைய மகள், வேறு யாருடைய பிள்ளைக்கோ சின்னதாகிப்போன பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, நெற்றியில் ஒரு மைப்பொட்டு, கன்னத்தில் ஒன்று, உள்ளங்காலில் ஒன்று. எல்லாம் பத்தரைக்குள் முடிந்திருக்க வேண்டியது. திண்டிவனத்திலிருந்து தம்பி மனைவி மோனிஷாவின் வீட்டார் வந்த வேன் வழியில் டயர் வெடித்து நின்றுவிட்டது, அவர்கள் வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது வெள்ளிக்கிழமை ராகு காலம் பிறந்துவிட்டது, இனிமேல் பன்னிரண்டுக்கு மேல்தான் என்று வில்லியனூர்ப் பெரியம்மா சொல்லிவிட்டாள், அவள் சொன்னால் சொன்னதுதான், அம்மா போன பிறகு இந்த வீட்டின் நல்லது கெட்டதெல்லாம் பெரியம்மாவின் வாயில்தான் இருக்கிறது. தொட்டில் மல்லிகைச்சரம் சுற்றிக் காலியாகத் தொங்குகிறது. போட்டோக்காரர் டிரைபாடை மடக்கிவிட்டு இட்லி சாப்பிடப் போய்விட்டார். நான் சோபாவில் உட்கார்ந்திருக்கிறேன், இடது கால் மரத்துப்போய்விட்டது, அசைய முடியாது, தூங்குகிற பிள்ளையை எழுப்பக்கூடாது, கை மாற்றவும் கூடாதாம், அத்தை மடியில் தூங்கினால் அத்தையே வைத்திருக்க வேண்டுமாம். அத்தை. அத்தைதான் வெற்றிலையைக் காதில் அணைத்து மூன்று தடவை பெயரைச் சொல்ல வேண்டும், அதற்கு முன்னால் யாரும் குழந்தையை அந்தப் பெயரால் கூப்பிடக்கூடாது, அந்தப் பெயர் ஞாழல், அது என் மகளுடைய பெயர். மகளுடையதாக இருந்த பெயர். நேற்றைக்குத்தான் அவளுக்கு எழுதிக் கேட்டேன், மாமா தன் பெண்ணுக்கு ஞாழல் என்று வைக்க ஆசைப்படுகிறார், உனக்குச் சம்மதமா என்று. இன்னும் பதில் இல்லை. போன் ஃபிரிட்ஜின் மேல் சார்ஜில் கிடக்கிறது, இங்கிருந்து பார்த்தால் அதன் முனை மட்டும் தெரிகிறது. பிரான்சில், லியோனில் இப்போதுதான் விடிந்திருக்கும், பல் விளக்கிக்கொண்டே போனைப் பார்க்கிறவள் அவள், பார்ப்பாள். வேண்டாம் என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும், நான் இந்த வாயைத் திறக்க மாட்டேன், என் மகளுக்கு இஷ்டமில்லை, வேறு பெயர் பாருங்கள் என்று இத்தனை பேர் முன்னால் சொல்லிவிடுவேன், அத்தை சொல்லாமல் இவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. எழுது. வேண்டாம் என்று எழுதித் தொலை.

இந்தப் பழைய சட்டையைப் பார்க்கப் பார்க்கத்தான் எரிகிறது. பெயர் வைக்கிற வரைக்கும் பிள்ளைக்குப் புதுத்துணி ஆகாது, நன்றாக வளர்கிற வேறொரு பிள்ளை போட்டுப் பழகியதைக் கேட்டு வாங்கித்தான் போட வேண்டும், துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகியிருக்கும், உடம்பை உறுத்தாது, கண்ணும் படாது, புதுசு எல்லாம் அத்தை சீராகப் பெயர் வைத்த பிறகு. இது மோனிஷாவின் ஆபீஸ் தோழி கொடுத்தது, நெஞ்சில் ஒரு யானை, சலவையில் தும்பிக்கை அழிந்துவிட்ட யானை. கோவேந்தன் என்னிடம் பெயரைக் கேட்டதும் சட்டை கேட்ட மாதிரிதான். நான் அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன், அவன் வாசற்படியில் சாய்ந்து நின்று காலால் தரையைத் தேய்த்தான், சின்ன வயதிலிருந்தே ஏதாவது வேண்டுமென்றால் அப்படித்தான் தேய்ப்பான். "அக்கா, ஒண்ணு கேப்பேன், கோச்சிக்கக் கூடாது." "கேளு." "ஞாழல் பேரு. அதான் அவ வேணாம்னு மாத்திக்கினாளே. சும்மாத்தானே கிடக்குது. நம்ம பாப்பாவுக்கு வெச்சிடலாமா?" சும்மா கிடக்குது. மொட்டை மாடியில் மூலையில் சாத்தி வைத்திருக்கிற சைக்கிளா அது, காற்றடித்து எண்ணெய் போட்டு அடுத்த பிள்ளைக்குக் கொடுக்க? கத்தியிருக்கலாம். ஆனால் அவன் கண் கலங்கியிருந்தது, அவன் ஆசையாகத்தான் கேட்டான், எனக்கு ஏதோ நல்லது செய்வதாக நினைத்துத்தான் கேட்டான், அதுதான் கஷ்டம், கெட்ட எண்ணத்தோடு கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் பதில் சொல்லியிருப்பேன். என் மகள் பிறந்தபோது இவன் காலேஜில் சேர்ந்திருந்த சமயம், அவள் முகத்தைப் போட்டோவில் பார்த்ததோடு சரி, அதற்கே பைக்கின் பின்னால் பெரிய எழுத்தில் ஞாழல் என்று ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு ஊர் முழுக்கச் சுற்றினான், அஜந்தா சிக்னலில் போலீஸ்காரர் நிறுத்தி, இது எந்தக் கட்சிப்பா புதுசா இருக்கு என்று கேட்டாராம். அதைச் சொல்லி டெலிபோனில் எவ்வளவு சிரித்தோம். அவனிடம் எப்படி முடியாது என்பது? அவளைக் கேட்டுச் சொல்றேன் என்றேன். கேட்கவில்லை. நாளைக்குக் கேட்கலாம், ஞாயிற்றுக்கிழமை அவள் கூப்பிடும்போது கேட்கலாம் என்று தள்ளித் தள்ளி, கடைசியில் தொட்டில் வாடகைக்கு வந்து இறங்கிய பிறகு கேட்டேன். கேட்டால் சரி என்று சொல்லிவிடுவாளோ என்று பயம். சரி என்று சொல்லிவிட்டால் அதற்கப்புறம் அந்தப் பெயருக்குத் திரும்பி வர அவளுக்கு வழி இல்லை. வயது ஏறட்டும், கொஞ்சம் பக்குவம் வரட்டும், ஒருநாள் தன் பெயரைத் தேடிக்கொண்டு வருவாள் என்று நான் இங்கே திரும்பி வந்த நாளிலிருந்து வைத்துக்கொண்டிருக்கிறேன். யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

அந்தப் பக்கம் ஒத்திகை நடக்கிறது. ராகு காலத்தில் பெயரை வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்று பெரியம்மா தடை போட்டிருப்பதால் எல்லாரும் குசுகுசுவென்று சொல்லிப் பார்க்கிறார்கள். "நாளலா?" என்கிறாள் மோனிஷாவின் அம்மா. "நாளல் இல்லம்மா, ஞாயல்," என்கிறார் மோனிஷாவின் அப்பா, ஊரில் பத்திர ஆபீஸ் வாசலில் கடை வைத்திருப்பவர், எதையும் உறுதியாகச் சொல்லிப் பழகியவர். "இன்னாடி பேரு இது, ஞாயித்துக்கிழமை மாதிரி," என்று பெரியம்மா தன் தடையைத் தானே மீறுகிறாள், "நாக்கு சுளுக்கிக்கும் போலருக்கு. கூப்பிடறதுக்குள்ள புள்ள தெருவத் தாண்டிப் போயிடும்." எல்லாரும் சிரிக்கிறார்கள். "சின்னதா ஞாலுன்னு கூப்பிட்டுக்கலாம்," என்று ஒரு குரல். "நாலா? அப்ப அஞ்சு எப்போ?" என்று இன்னொன்று, இன்னும் பெரிய சிரிப்பு. சிரியுங்கள். உங்கள் மொழிதானே. ஒரு எழுத்துக்கு நாக்கை மடித்தால் போதும், அதற்கு ஒரு சோம்பல், அதற்கு ஒரு சிரிப்பு. மோனிஷா மட்டும் சிரிக்கவில்லை, அவளுக்கு இது பரீட்சை. போனில் பெயர்களுக்கென்று ஓர் ஆப் வைத்திருக்கிறாள், எந்தப் பெயரைப் போட்டாலும் எத்தனை பேருக்கு இருக்கிறது, எந்த ஊரில் அதிகம், ஏறுகிறதா இறங்குகிறதா என்று பங்குச் சந்தை மாதிரி கோடு போட்டுக் காட்டும். ஞாழலைப் போட்டபோது கோடே வரவில்லை. "அண்ணி, யாருக்குமே இல்ல அண்ணி! பாப்புலாரிட்டி ஜீரோ!" என்று ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள், முதல் ரேங்க் வாங்கின பிள்ளை மாதிரி. உச்சரிப்பு என்று ஒரு பொத்தானை அழுத்தினாள், ஒரு வெள்ளைக்காரப் பெண் குரல் தொண்டையைக் கனைத்துக்கொண்டு "க்னாஸல்" என்றது, மூக்கடைப்புக்கு மருந்து மாதிரி. மோனிஷாவுக்கு அதுவும் பிடித்துத்தான் இருந்தது. யாருக்கும் இல்லாதது, யாராலும் சொல்ல முடியாதது, இன்ஸ்டாகிராமில் போட்டால் எல்லாரும் அர்த்தம் கேட்பார்கள். அர்த்தம் கேட்டால் இவள் என்ன சொல்லப்போகிறாள்? நானே பார்த்ததில்லை அந்தப் பூவை. பழைய பாட்டுகளில் கடற்கரை மணலில் உதிர்ந்து கிடக்கிற சின்னச் சின்னப் பூ, நெய்தல் நிலத்து மரம் என்று சொல்வார்கள், எந்த மரம் என்று கேட்டால் ஆளுக்கொரு மரத்தைக் காட்டுகிறார்கள், ஒருவர் கொன்றை வகை என்கிறார், ஒருவர் அது இப்போது இல்லை என்கிறார். இந்த ஊரில் பிறந்து, கடலைப் பார்த்து வளர்ந்து, பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் மேப்பிள், ஓக் என்று படம் போட்ட நான், ஒரு தமிழ் வகுப்பில் அந்தச் சொல்லைக் கேட்டு அப்படியே உள்ளே வைத்துக்கொண்டேன், அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், எனக்குப் பெண் பிறந்தால் இதுதான். என் வீட்டுக்காரர் தயாளன் அப்போதே சொன்னார், மாயான்னு வெச்சிடலாம் கோதை, ரெண்டு ஊர்லயும் வாய்க்கு வரும், புள்ளைக்குத் தொல்லை இல்ல. நான் கேட்கவில்லை. இப்போது அவர் அங்கே, நான் இங்கே. அதற்குக் காரணம் பெயர் அல்ல, ஆனாலும் சண்டை வரும்போதெல்லாம் அதையும் ஒரு தடவை இழுப்பார்.

பிரெஞ்சுக்காரர்களுக்கு ஞா வரும். அதுதான் வேடிக்கை. ஆட்டுக்குட்டிக்கும் மலைக்கும் அவர்கள் சொல்லுகிற சொற்களிலேயே அந்த ஒலி இருக்கிறது, அழகாக, மூக்கு வழியாக, ஞா என்று ஆரம்பித்துவிடுவார்கள், எனக்கு நம்பிக்கை வரும், அடுத்த நொடி ழ வந்து நிற்கும், அவ்வளவுதான், சறுக்கி விழுந்துவிடுவார்கள், ஞாஜல், ஞாரல், ஞாஸ். இங்கே இவர்களில் பல பேருக்கு முதல் பாதி வராது, பின் பாதி முக்கால்வாசி வரும். ஒரு பெயரைப் பாதியாக உடைத்து ஆளுக்கொரு கரையில் வைத்த மாதிரி, என் மகள் முழுசாக யார் வாயிலும் இருந்ததில்லை, என் வாயைத் தவிர. நான் விடவில்லை. பல் டாக்டர், நீச்சல் குளத்துக்காரர், பக்கத்து வீட்டு மதாம், ஒவ்வொருவரையும் நிறுத்தி, நாக்கை இப்படி மேலே மடக்குங்கள், தொடக்கூடாது, தொடாமல் உருட்டுங்கள் என்று சொல்லிக் கொடுப்பேன். அவர்கள் மரியாதைக்காக இரண்டு தடவை முயன்று பார்த்துவிட்டு, எவ்வளவு அழகான பெயர் என்பார்கள், அப்படிச் சொன்னால் இனி முயற்சி செய்யப் போவதில்லை என்று அர்த்தம். அவள் பக்கத்தில் நின்று தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அங்கே என் வேலையும் அதுதானே, அகதி விண்ணப்பம் கொடுக்க வருகிறவர்களுக்கு மொழிபெயர்ப்பாளர், நாள் முழுக்க அதிகாரிகளின் வாயில் சிவஞானசுந்தரத்தையும் பரராஜசேகரத்தையும் திருத்திக்கொண்டே இருப்பேன், ஒருவருடைய பெயரைச் சரியாகச் சொல்வது அவருக்கு நாற்காலி போடுவதற்குச் சமம் என்று ஒரு கூட்டத்தில் பேசிக் கைதட்டுகூட வாங்கினேன். பெயர் கூப்பிடப்பட்டதும் சில பேர் அழுதுவிடுவார்கள். வீட்டுக்கு வந்தால் இவள், அம்மா, இனிமே ஸ்கூலுக்கு வந்து யாருக்கும் சொல்லிக் கொடுக்காத என்பாள். ஏன் என்றால் தோளைக் குலுக்குவாள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார்கள் ழ-வோடு மல்லுக்கட்ட முடியாமல் அப்பா பெயருக்குத் தாவிவிட்டார்கள், மத்மஸேல் தயாளன், மத்மஸேல் தயாளன், பிள்ளை பத்து வருஷம் அப்பாவாகப் படித்தது. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, நான் கேட்காமலே, பிரெஞ்சில் சொன்னாள்: வருகைப் பதிவு எடுக்கும்போது என் பெயர் வருவதற்கு முன்னால் ஒரு மௌனம் வரும், வாத்தியார் தாளை உற்றுப் பார்ப்பார், மூச்சு இழுப்பார், அந்த மௌனம் வந்ததுமே நான் கையைத் தூக்கிவிடுவேன், என் பெயர் அந்த மௌனம்தான். நான் என்ன சொன்னேன்? தட்டில் இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றினேன். நாளைக்கு அந்த வாத்தியாரைப் பார்த்துப் பேசுகிறேன் என்றேன்.

தூக்கத்திலேயே பாப்பா உதட்டைச் சப்புகிறது. கை விரல்களை விரித்து மூடுகிறது. இவளுக்கு எந்த மௌனம் வரப்போகிறதோ. இங்கே மௌனம் வராது, இங்கே சிரிப்பு வரும், நாலு, அஞ்சு எப்போ. எது மேல்? ஃபிரிட்ஜின் மேலே போன் கிடக்கிறது, ஒரு சத்தமும் இல்லை. பதினெட்டு முடிந்ததும் என் மகள் அதைச் செய்தாள். அங்கே அது பெரிய காரியமே இல்லை, நகராட்சி அலுவலகத்தில் கொடுத்தால் மாற்றிவிடுவார்கள், காரணம் சொல்ல வேண்டும், சொல்லியிருக்கிறாள். செய்து முடித்துவிட்டுத்தான் என்னிடம் சொன்னாள், ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே, மா, நான் பேர மாத்திட்டேன். புதுப் பெயரையும் சொன்னாள். இரண்டெழுத்து. எந்த ஊர்க்காரனும் ஒரே மூச்சில் சொல்லிவிடக்கூடிய, கடைத்தெருவில் திரும்பின பக்கமெல்லாம் கேட்கிற, அந்த ஆப்பில் போட்டால் கோடு கூரையைத் தொடுகிற இரண்டெழுத்து. நான் அதை இங்கே யாரிடமும் சொன்னதில்லை. பெரியம்மா கேட்டபோது, ஏதோ வெள்ளைக்காரப் பேர் பெரியம்மா, விடு என்றேன். கோவேந்தனுக்குக்கூடத் தெரியாது, அவனும் தோண்டிக் கேட்கவில்லை, நல்லவன். எனக்குள்ளேயே, இப்படி ஒருவரும் கேட்காத இடத்தில்கூட, நான் அதைச் சொல்வதில்லை, அந்த இடம் வந்தால் சுற்றிக்கொண்டு போய்விடுகிறேன், அந்தக் காலத்துப் பெண்கள் புருஷன் பெயரைச் சுற்றிக்கொண்டு போவார்களே அப்படி. டெலிபோனில் கண்ணு என்பேன், ஏய் என்பேன், சாப்பிட்டியா என்று ஆரம்பித்துவிடுவேன், பெயர் இல்லாமல் ஒரு பெண்ணோடு வருஷக்கணக்கில் பேசலாம், தமிழ் அதற்கு வசதியான மொழி. பழைய பெயரால் கூப்பிட்டால் பதில் சொல்ல மாட்டாள் என்று ஒரு தடவை சொல்லிவிட்டாள். புதுப் பெயரால் கூப்பிட்டால் நான் தோற்றுவிடுவேன். நான் ஒன்றும் பிடிவாதக்காரி இல்லை. காத்திருக்கிறேன், அவ்வளவுதான். இப்போது இவன் வந்து சும்மா கிடக்கிறது என்கிறான். சும்மா கிடக்கவில்லையடா, வைத்திருக்கிறேன், பத்திரமாக, ஒருத்தி வருவாள் என்று.

"எங்க எதிர் வூட்டுலயே ஒண்ணு இருக்குதே இதே பேருல," என்று மோனிஷாவின் சித்தி ஒருத்தி பாயசத்தை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள். "எந்தப் பேருல?" என்றாள் மோனிஷா. "இதான், அந்த ழானா வர்ற பேரு. பால்வாடியில சேத்துருக்காங்க. துறுதுறுன்னு இருக்கும்." மோனிஷாவின் முகம் சுருங்கிவிட்டது. "ஏங்க, திண்டிவனத்துல இருக்காம்ங்க," என்று கோவேந்தனைப் பார்த்துக் குரல் உடைந்தாள், ஏதோ திருட்டு நடந்துவிட்ட மாதிரி. "இருந்தா இருக்கட்டும், இப்ப என்ன?" "என்ன இப்ப என்னவா? யாருக்குமே இல்லன்னுதானே வெச்சோம்? நாளைக்கு எங்கயாச்சும் பாத்து காப்பியடிச்சோம்னு சொல்லுவாங்க. வேற ஒண்ணு வெச்சிருந்தோமே, தன்விழி, அத வெச்சிக்கலாங்க. அதுவும் ரேர்தான்." தெர்மாகோலில் பெயரை வெட்டிச் சுவரில் ஒட்டி மேலே ஒரு துண்டைத் தொங்கவிட்டிருந்தார்கள், அவள் அதைப் பார்த்த பார்வையில் இப்போதே பிய்த்துவிடுவாள் போலிருந்தது. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். இதைத்தானே காலையிலிருந்து வேண்டிக்கொண்டிருக்கிறேன், பதில்கூட வேண்டாம், தானாகவே கழன்றுகொள்கிறது, நான் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. ஆனால் எனக்கு நெஞ்சு கொதித்தது. இன்னொருத்திக்கு இருக்கிறது என்பதற்காகத் தூக்கிப் போட அது என்ன சேலையா, கல்யாண வீட்டில் இன்னொருத்தி அதே நிறத்தில் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள் என்று ஓடிப்போய் மாற்றிக்கொள்ள? சொல்ல முடியவில்லை என்று ஒருத்தி கழற்றிப் போட்டாள், மலிந்துவிட்டது என்று இன்னொருத்தி தொடவே மாட்டேன் என்கிறாள். "மோனிஷா," என்றேன், மடியில் குழந்தை இருப்பதால் கத்த முடியாமல் கத்தினேன், "அந்தப் பொண்ணு பேரு என்னன்னு ஒழுங்கா கேளு மொதல்ல." கேட்டாள். சித்தி யோசித்து, யோசித்து, யாழினி என்றாள். யாழினியா! கோவேந்தன் விழுந்து விழுந்து சிரித்தான், என் காலேஜ் பசங்க ஆறு பேரு வூட்ல யாழினி இருக்குது என்றான். மோனிஷாவுக்கு உயிர் வந்துவிட்டது, ஆப்பை இன்னொரு தடவை பார்த்து, கோடு இல்லை என்று உறுதி செய்துகொண்டாள். எனக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. இந்தப் பெயரை இவர்களுக்குத் தரக்கூடாது என்று உட்கார்ந்திருக்கிறவள், இவர்கள் கைவிட்டுவிடப் போகிறார்கள் என்றதும் ஏன் பதறினேன்? யார் வாயிலாவது இருக்கட்டும், பாதியாகவாவது இருக்கட்டும், ஒருவர் வாயிலும் இல்லாமல் என் ஒருத்திக்குள் மட்டும் இருந்தால், நானும் போய்விட்டால்.

போன் அதிர்ந்தது. ஃபிரிட்ஜின் மேலே தகரத்தில் வண்டு முட்டுகிற மாதிரி ஒரு தடவை, நிறுத்தி இன்னொரு தடவை. "கோவேந்தா, என் போனு," என்றேன். அவன் வெற்றிலைத் தட்டைச் சரி செய்துகொண்டிருந்தான். "கோவேந்தா." "இருக்கா, மணி ஆகப்போவுது, ஐயர் இல்லாமலே எல்லாம் நாமதானே எடுத்து வெக்கணும்." "டேய், போனு!" என் குரலில் என்ன இருந்ததோ, எல்லாரும் திரும்பினார்கள், பாப்பா மடியில் ஒரு குலுங்கு குலுங்கிவிட்டு மறுபடி அடங்கிற்று. அவன் போனை எடுத்து வந்து என் முகத்துக்கு நேரே பிடித்தான், இரண்டு கையும் குழந்தைக்கடியில் இருந்ததால் என்னால் வாங்க முடியவில்லை. "யாரு, அவளா? என்ன எழுதிருக்கா? பிரெஞ்சுல இல்ல இருக்குது," என்று அவனே எட்டிப் பார்த்தான். அவன் படித்தது தமிழும் இங்கிலீஷும், அவன் கையில் விளக்குப் பிடிப்பதுபோலப் பிடித்திருக்க, அவனுக்குத் தெரியாத மொழியில் நான் படித்தேன். சரிம்மா, வைக்கச் சொல், எனக்கு ஒன்றும் வருத்தமில்லை, மாமாவிடம் என் முத்தத்தைச் சொல். அதற்குக் கீழே இன்னொன்று இருந்தது. ஆனால் அதன் பிறகு என்னை என் பெயரால் கூப்பிடு. மாற்றியதிலிருந்து நீ ஒரு தடவைகூட என்னைக் கூப்பிட்டதில்லை, நான் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். இன்றைக்கு அந்தக் குழந்தையின் காதில் சொல்லப் போகிறாயே, எனக்கும் காது இருக்கிறது. கோவேந்தன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "என்னக்கா, வேணாங்கிறாளா?" வேணாங்கிறா என்று சொன்னால் போதும். இந்தக் கூடத்தில் அதைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். தன்விழிக்கு எல்லாரும் தயார். பெயர் மறுபடியும் என்னிடம் வந்துவிடும், நான் கண்ணு, ஏய், சாப்பிட்டியா என்று இப்படியே ஓட்டிவிடலாம். "என்னக்கா?" அவன் காலால் தரையைத் தேய்த்தான். "சரின்னுட்டா," என்றேன்.

பன்னிரண்டு தாண்டியதும் பெரியம்மா குலவை மாதிரி ஒரு சத்தம் போட்டாள், போட்டோக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தார். தும்பிக்கை இல்லாத யானைச் சட்டையைக் கழற்றி, நான் வாங்கி வந்த புதுச்சட்டையைப் போட்டார்கள், பாப்பா கண்ணை விழித்து என்னைப் பார்த்தது, அழவில்லை. பெரியம்மா நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்தாள். நான் வெற்றிலையை அந்தக் குட்டிக் காதோடு அணைத்து, குனிந்து, அதன் எண்ணெய் வாசனை மூக்கில் ஏற, சொன்னேன். நாக்கை மடக்கி, மேலே தொடாமல், உருட்டி. எத்தனையோ நாளாக வாய்விட்டுச் சொல்லாதது, துருப்பிடித்திருக்குமோ என்று பயந்தேன், ஒன்றும் ஆகவில்லை, முழுசாக வந்தது. இரண்டாம் தடவை. மூன்றாம் தடவை. "சொல்லிட்டியா?" "சொல்லிட்டேன்." "நல்லாச் சொன்னியா?" "நல்லாத்தான் சொன்னேன் பெரியம்மா." துண்டை இழுத்தார்கள், தெர்மாகோல் எழுத்து வெளியே வந்தது, கைதட்டினார்கள், நாளல் என்றார்கள், ஞாயல் என்றார்கள், நாலுக்குட்டி என்றார்கள், மோனிஷா குழந்தையை என் கையிலிருந்து வாங்கித் தொட்டிலில் போட்டாள், வாங்கும்போது என்னைப் பார்த்து, மெதுவாக, நாக்கை மடக்கிப் பாடுபட்டு, ஞா-ழல் என்றாள், கிட்டத்தட்ட வந்துவிட்டது, "தினம் பிராக்டிஸ் பண்றேன் அண்ணி, நைட்டெல்லாம் இவரு தூங்கறப்ப," என்றாள். நான் தலையசைத்தேன். மடி காலியாக இருந்தது, காலில் ஆயிரம் ஊசி குத்த ஆரம்பித்தது. எழுந்திருக்க முடியாமல் அங்கேயே உட்கார்ந்து, போனை எடுத்து, பேசி அனுப்புகிற பொத்தானை அழுத்திப் பிடித்தேன். கண்ணு, என்று வந்துவிட்டது. அழித்தேன். மறுபடி அழுத்தினேன், வெறும் மூச்சுதான் பதிவாயிற்று, தொட்டில் பக்கத்துக் கூச்சலும் ஒரு குழந்தை தும்முவதும். அதையும் அழித்தேன். இரண்டெழுத்து. நாக்கை எங்கும் மடக்க வேண்டியதில்லை, எந்த வாயும் சொல்லிவிடும், அகதி ஆபீஸ் அதிகாரிகூட முதல் தடவையிலேயே சொல்லிவிடுவார். பல்லைக் கடித்துக்கொண்டு, கோபமாகவே, கொஞ்சம் அதிகமாகவே சத்தமாகச் சொன்னேன்.

"நினா."

பெரியம்மா தொட்டில் கயிற்றைப் பிடித்தபடியே திரும்பிப் பார்த்தாள். "யாருடி அது நினா?"

"என் பொண்ணு," என்றேன்.